மட்டையை விடுங்கள், நிற்கிற இடத்தைப் பாருங்கள்: சிங்கப்பூரிலிருந்து ஒரு ஷார்ட்ஸ்டாப்பைப் பின்தொடர்வது எப்படி

பேஸ்பால் பார்க்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முதலில் கேட்பது "ராத்திரி கண் முழிக்கணுமா?" என்றுதான். வேண்டாம். நியூயார்க்கில் மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் காலை 7 மணி. சீசன் ஓடுகிற மாதங்கள் முழுக்க அங்கே கோடைக்கால நேரம் என்பதால் வித்தியாசம் சரியாகப் பன்னிரண்டு மணி நேரம், கணக்குப் போடவே தேவையில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் ஆட்டம் என்றால் காலை பத்து மணி வாக்கில். பந்து வீசுகிற பிட்ச்சருக்குக் கடிகாரம் வைத்த 2023க்குப் பிறகு ஒரு ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது, அதாவது செங்காங்கில் ரயில் ஏறி அவுட்ரம் பார்க்கில் இறங்குவதற்குள் எனக்கு ஒன்றரை இன்னிங்ஸ். ஐபிஎல் பார்த்துவிட்டு ராத்திரி ஒன்றரைக்குப் படுத்து, காலையில் அலுவலகத்தில் கண் சொக்குகிறவர்கள் யோசித்துப் பாருங்கள்.

அடுத்து யாரைப் பிடிப்பது. வட அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக்கில் 30 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 162 ஆட்டம், அணி அணியாகப் பார்க்க ஆரம்பித்தால் மூன்றே வாரத்தில் சலித்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது. அதனால் அணியை விட்டுவிட்டு ஒரே ஒரு ஆளைப் பிடியுங்கள். அதிலும் ஷார்ட்ஸ்டாப் என்கிற தடுப்பாட்டக்காரரைப் பிடியுங்கள். பிட்ச்சர் ஐந்து நாளுக்கு ஒரு தடவைதான் வருவார், ஷார்ட்ஸ்டாப் கிட்டத்தட்ட தினமும் ஆடுவார், அது ஒரு காரணம். இன்னொன்று, அவர் ஏறுகிறாரா இறங்குகிறாரா என்பது அவர் மைதானத்தில் எங்கே நிற்கிறார் என்பதிலேயே தெரிந்துவிடும். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நம் கண் நேராக மட்டைக்குத்தான் போகும். அதைக் கொஞ்சம் அடக்கவேண்டும்.

எங்கே நிற்கிறார்

இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் (பேஸ் என்பது ரன்னுக்கு ஓடுகிறவர் வரிசையாகத் தொடவேண்டிய இடம்). பிட்ச்சரின் முதுகுக்குப் பின்னால், அடிப்பவர் கண்ணுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். பேஸுக்கு பேஸ் 90 அடி. வலக்கை ஆட்டக்காரர் இழுத்து அடிக்கிற பந்து பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் தரையோடு உருண்டு வரும், அதனால் இவருக்கு ஓய்வே கிடையாது. ஸ்கோர் எழுதும்போது இந்த இடத்துக்கு எண் 6. "6-4-3" என்று பார்த்தால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாம் பேஸ்காரருக்குக் கொடுத்து, அவர் முதல் பேஸுக்கு எறிந்து, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம்.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். 'ஸ்டாப்' என்று இருந்தாலும் நிறுத்துவது வேலையில் பாதிகூட இல்லை. கிரிக்கெட்டில் கவரில் நிற்பவன் பந்தை விழுந்து தடுத்துவிட்டால் கைதட்டு, ரன் இல்லை, எல்லாரும் அவரவர் இடத்துக்குத் திரும்பிவிடலாம். இங்கே அடித்தவன் அதற்குள் ஓடிக்கொண்டிருக்கிறான், முதல் பேஸை அவன் தொட நாலே கால் விநாடி சுமார் ஆகும், அதற்குள் பந்தை எடுத்து, கையுறையிலிருந்து வலது கைக்கு மாற்றி, முப்பத்தைந்து நாற்பது மீட்டர் தள்ளி நிற்பவனின் நெஞ்சுக்கு நேரே எறிந்தாகவேண்டும். தடுத்துவிட்டு எறியாவிட்டால் அது வெறும் அழகுதான்.

ஒரு பந்தை மட்டும் கிட்டே போய்ப் பாருங்கள். பிட்ச்சர் கையிலிருந்து பந்து விடுபடும்போது ஷார்ட்ஸ்டாப் ஒரு சின்னத் துள்ளல் போடுவார். பந்தும் மட்டையும் சந்திக்கிற நொடியில் அவருடைய இரண்டு பாதங்களும் தரையில் இருக்கும், எந்தப் பக்கமும் பாயத் தயார். பேட்மிண்டனில் எதிராளி அடிக்கும்போது நாம் போடுகிற அதே சின்னக் குதிப்புதான். பந்து அவருக்கு வலது பக்கம், மூன்றாம் பேஸ் இடைவெளிக்குப் போனால் இன்னும் கஷ்டம்: குறுக்கே ஓடி, கையுறையைப் புறங்கையாகத் திருப்பி எடுத்து, போகிற வேகத்தையெல்லாம் வலது காலை ஊன்றி நிறுத்தி, உடம்பின் ஓட்டத்துக்கு நேர் எதிர்த்திசையில் எறியவேண்டும். அவருடைய கையுறை சிறியதாக, ஆழம் குறைவாக இருப்பதைக் கவனியுங்கள், பந்து உள்ளே புதைந்துவிட்டால் எடுக்க நேரமாகும் என்பதற்காக அப்படி. கைபேசியில் நிறுத்தக்கடிகாரத்தைத் திறந்து, மட்டைச் சத்தம் கேட்டதிலிருந்து முதல் பேஸ்காரர் கையில் பந்து விழும்வரை அழுத்திப் பாருங்கள். இரண்டு நாள் செய்தால் போதும், அப்புறம் உங்களுக்கே உடம்பில் அந்தக் கணக்கு ஏறிவிடும்.

தொலைக்காட்சியில் ஒரு தொல்லை உண்டு. பந்து வீசும்போது கேமரா பிட்ச்சருக்குப் பின்னாலிருந்து நெருக்கமாகக் காட்டும், நம் ஆள் பெரும்பாலும் சட்டத்துக்குள்ளேயே இருக்கமாட்டார். அதனால் உயரத்திலிருந்து எடுத்த மறுஒளிபரப்பு வரும்போது ஓடுகிறவனை விட்டுவிட்டு இவர் எங்கிருந்து கிளம்பினார் என்று மட்டும் பாருங்கள். பயிற்சிக்கு இரண்டு காணொளிகள் சொல்கிறேன், தேடினால் உடனே கிடைக்கும். ஒன்று, 1978 ஏப்ரல் 20, சான் டியேகோவுக்கு ஆடிய ஓசி ஸ்மித். இடப்பக்கம் பாய்ந்து காற்றில் இருக்கிறார், பந்து தரையில் பட்டு எகிறி அவருடைய முதுகுப் பக்கம் போகிறது, விழுந்துகொண்டிருக்கும்போதே கையுறை இல்லாத வலது கையால் அதைப் பிடித்து, எழுந்து, எறிந்து, அவுட். மேஜர் லீக்குக்கு வந்த முதல் மாதம் அது. இன்னொன்று 2001 அக்டோபர் 13, நியூயார்க் யாங்கீஸின் டெரெக் ஜீட்டர். வலது மூலையிலிருந்து வந்த எறி இடையில் நிற்பவர்களின் தலைக்கு மேலே போய்விட, மைதானத்தின் எதிர்ப்பக்கம் இருக்கவேண்டிய ஷார்ட்ஸ்டாப் குறுக்கே ஓடிவந்து பொறுக்கி, நிற்காமலேயே பக்கவாட்டில், அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கேட்ச்சருக்குத் தட்டிவிடுகிறார். யாங்கீஸ் அந்த ஆட்டத்தை 1-0 என்று வென்றது. தேக்கா உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து இதைப் பத்தாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைப் பெரியவர் எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, எல்லாருமே விக்கெட் கீப்பரா?" என்றார். பதில் சொல்லத் தெரியாமல் ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கிருந்து வருகிறார்

இரண்டு வாசல். அமெரிக்கா, கனடா, புவர்ட்டோ ரிக்கோ பையன்கள் ஜூலையில் அணிகள் முறைவைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வழியாக வருவார்கள், இப்போது 20 சுற்று. டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா போன்ற மற்ற நாட்டுப் பையன்கள் 16 வயதிலேயே நேரடியாகக் கையெழுத்துப் போடலாம், அதற்கான காலம் ஜனவரி 15 தொடங்கும். சிங்கப்பூர்ப் பையன் ஒருவன் போனாலும் இந்த இரண்டாவது வாசல்தான். ஆனால் வயதைப் பாருங்கள்: நம் பையன்களுக்குத் தேசிய சேவை அழைப்பு வருகிற அதே பதினெட்டு, பத்தொன்பதில்தான் அங்கே ஒருவன் தினம் தினம் ஆடி, தப்புத் தப்பாக எறிந்து, கை பழகுகிறான். அந்த இரண்டு வருடத்தைப் பின்னால் வாங்க முடியாது. (சிங்கப்பூரில் பிறந்த ஒருவர் மேஜர் லீக்கில் ஆடியிருக்கிறார், ராபின் ஜென்னிங்ஸ், 1996இல் சிக்காகோ கப்ஸ். ஆனால் அவர் அவுட்ஃபீல்டர், பேஸ்களுக்கு அப்பால் தூரத்தில் நிற்பவர், நம் கணக்கில் வரமாட்டார்.)

கையெழுத்துப் போட்டதும் நேரே பெரிய மைதானம் இல்லை. ரூக்கி, சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று ஏணி. ஓசி ஸ்மித் மாதிரி மைனர் லீக்கில் 68 ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு மேலே ஏறுவது அபூர்வம், மூன்று நான்கு வருடம் சாதாரணம். 2023 ஒப்பந்தப்படி டிரிபிள்-ஏ சம்பளம் வருடத்துக்கு 35,800 அமெரிக்க டாலர், சிங்கிள்-ஏயில் 26,200. ஒரு படி மேலே மேஜர் லீக்கில் 2025இன் குறைந்தபட்சச் சம்பளம் 7,60,000 டாலர். ஒரே ஒரு படி.

இந்த ஏணியில் ஏறுகிறவனைப் பார்க்கும்போது ஒன்றே ஒன்று கவனியுங்கள்: ஒவ்வொரு படியிலும் அவனை இன்னும் ஷார்ட்ஸ்டாப்பிலேயே நிறுத்துகிறார்களா? டிராஃப்டில் எடுக்கப்படும் நல்ல பையன்களில் பலர் பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்தான், பள்ளி அணியில் மிகத் திறமையானவனை அங்கேதான் நிறுத்துவார்கள். டபுள்-ஏ வருவதற்குள் ஒருவன் இரண்டாம் பேஸுக்கு, ஒருவன் மூன்றாம் பேஸுக்கு, ஒருவன் அவுட்ஃபீல்டுக்கு என்று கலைந்துவிடுவார்கள். டபுள்-ஏயிலும் அதே இடத்தில் நிற்கிறான் என்றால் அவன் பெயரைக் குறித்து வையுங்கள்.

சம்பளக் கடிகாரம்

இது புரியாவிட்டால் செய்தியே புரியாது. மேஜர் லீக் அணியில் 172 நாள் இருந்தால் ஒரு வருட சேவை. பொதுவாக மூன்று வருட சேவை வரை அணி கொடுப்பதுதான் சம்பளம், அப்புறம் மூன்று வருடம் சம்பளத் தகராறைத் தீர்க்கும் நடுவர் முன்னால் போய்ப் பேரம் பேசலாம், ஆறு வருடம் முடிந்தால் சுதந்திரம், எந்த அணிக்கும் போகலாம். நல்ல பையனை ஏப்ரலில் மூன்று வாரம் கீழேயே வைத்திருந்து அப்புறம் மேலே கூப்பிட்டால், 172 நாள் தேறாது, அணிக்கு ஒரு வருடம் லாபம். "இன்னும் அவனுக்குத் தடுப்பாட்டம் மெருகேற வேண்டும்" என்று மேலாளர் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள்.

பிரான்சிஸ்கோ லிண்டோரை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 டிராஃப்டில் கிளீவ்லேண்ட் எட்டாவது ஆளாக எடுத்தது, 2015 ஜூனில் முதல் மேஜர் லீக் ஆட்டம். சுதந்திரம் வருவதற்கு ஒரே ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது, 2021 ஜனவரியில் அவரை நியூயார்க் மெட்ஸுக்கு மாற்றிவிட்டார்கள், சும்மா போய்விடுவாரே என்ற பயம்தான். மெட்ஸ் சீசன் தொடங்குவதற்குள் 10 வருடம், 341 மில்லியன் டாலருக்கு மடக்கிப் போட்டது. கான்சஸ் சிட்டியின் பாபி விட் ஜூனியர் வேறு மாதிரி, இரண்டே சீசன் ஆடிவிட்டு 2024 பிப்ரவரியில் 11 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்த வருடமே .332 சராசரியில் அடித்து, மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கின் மட்டைப் பட்டமும் வாங்கினார். ஆக, உங்கள் ஆளுக்கு எத்தனை வருட சேவை ஆகியிருக்கிறது என்று முதல் நாளே பார்த்துக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாலரை, ஐந்து என்றிருந்தால் அடுத்த குளிர்காலத்தில் அணி மாறினாலும் உங்களுக்கு அதிர்ச்சி இருக்காது.

பக்கத்தைக் கீழிருந்து படியுங்கள்

பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தில் அவர் பெயரைப் போட்டால் மேலே பெரிய அட்டவணை வரும், முழுக்க மட்டைக் கணக்கு. அதைத் தாண்டிக் கீழே போய் ஃபீல்டிங் அட்டவணையைத் திறங்கள். ஒவ்வொரு வருடமும் எந்த இடத்தில் எத்தனை ஆட்டம் என்று இருக்கும், ஷார்ட்ஸ்டாப்புக்கு 'எஸ்எஸ்'. அந்த எழுத்துக்குப் பக்கத்திலுள்ள ஆட்ட எண்ணிக்கையை மட்டும் மேலிருந்து கீழாக ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 150, 155, 148, 120, 64. புரிகிறதா? மற்ற எந்த எண்ணும் தெரியாமலேயே பாதிக் கதை தெரிந்துவிட்டது. (இந்த வரிசை உதாரணத்துக்கு நான் எழுதியது, யாருடையதும் இல்லை.)

அடுத்து 'அசிஸ்ட்'. அவர் எறிந்து இன்னொருவர் முடித்த அவுட். ஓசி ஸ்மித் 1980இல் 621 அசிஸ்ட் செய்தார், ஒரு சீசனில் எந்த ஷார்ட்ஸ்டாப்பும் அவ்வளவு செய்ததில்லை. அவருடைய மட்டைக் கணக்கைப் பார்த்தால் .262 சராசரி, வாழ்நாள் முழுக்க 28 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி), நம் ஊர் ஆள் "இவ்வளவுதானா" என்று பக்கத்தை மூடிவிடுவார். ஆனால் சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான கோல்டு கிளவ் விருது தொடர்ந்து 13, 2002இல் ஹால் ஆஃப் ஃபேம், அதுவும் முதல் வாய்ப்பிலேயே.

எரர், அதாவது தடுப்பில் செய்த பிழை, என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள், புதிதாகப் பார்க்கிற எல்லாரும் இங்கேதான் சறுக்குவார்கள். எட்டிப் பிடிக்கப் போய்த் தவறவிட்டால் எரர் விழலாம், எட்டவே எட்டாத பந்துக்கு எரர் கிடையாது. அதனால் நகராமல் நிற்பவன் கணக்கு சுத்தமாகத் தெரியும். ஜீட்டர் 1993இல், 19 வயதில், கிரீன்ஸ்பரோ அணிக்காக ஒரே சீசனில் 56 எரர் செய்தார். அந்தத் தாளை மட்டும் பார்த்தவர் அவரைத் தூக்கியிருப்பார். மூன்று வருடம் கழித்து அவர் ஆண்டின் சிறந்த புதுமுகம். இத்தனைக்கும் பிற்காலத்தில் அவர் எட்டும் தூரம் குறைவு என்று புதுக் கணக்குக்காரர்கள் சாடிக்கொண்டே இருந்தார்கள், அவர் ஐந்து கோல்டு கிளவ் வாங்கிக்கொண்டே இருந்தார், அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை. எதிர்முனையில் கேல் ரிப்கன் ஜூனியர்: 1990இல் 161 ஆட்டம், 3 எரர். மூன்றே மூன்று. ஆனாலும் அந்த வருடத்து கோல்டு கிளவ் அவருக்குக் கொடுக்கவில்லை, இதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. இப்போது 'அவுட்ஸ் அபவ் ஆவரேஜ்' என்று ஒரு கணக்கு இருக்கிறது, எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேமரா அளந்து போடுவது, எரரைவிட அதைப் பார்ப்பது எவ்வளவோ மேல்.

இடம் மாறும் நாள்

என் அக்கா மகன் பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறான், உயர்நிலை இரண்டில் அவனை ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து இரண்டாம் பேஸுக்கு மாற்றினார் பயிற்றுவிப்பாளர். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டான். "மாமா, என்னை இறக்கிட்டாங்க." அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, பத்தடிதானே தள்ளி நிற்கிறான், அதற்கா இந்த அழுகை என்றார். இரண்டாம் பேஸ்காரர் எறிய வேண்டிய தூரம் ரொம்பக் குறைவு, கை வலு குறைந்தால் அங்கே. கை இருந்து கால் வேகம் குறைந்தால் மூன்றாம் பேஸ். இரண்டும் குறைந்து மட்டை மட்டும் மிச்சமிருந்தால் முதல் பேஸ். பையன் அழுததில் நியாயம் இருந்தது.

பெரியவர்களுக்கும் இதேதான். எர்னி பேங்க்ஸ் 1958, 1959 இரண்டு வருடமும் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய ஷார்ட்ஸ்டாப். ஆனால் வாழ்நாள் கணக்கில் ஷார்ட்ஸ்டாப்பில் 1,125 ஆட்டம், முதல் பேஸில் 1,259. விதிவிலக்குகள் உண்டு: ஜீட்டர் 20 சீசனில் வேறு எந்த இடத்திலும் நின்று ஃபீல்டிங் செய்ததே இல்லை, மூக்கி பெட்ஸ் முப்பது வயதுக்கு மேல் வலது அவுட்ஃபீல்டிலிருந்து தலைகீழாக ஷார்ட்ஸ்டாப்புக்கு வந்தார், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரில், 2025இன் கடைசிப் பந்தில் இரண்டாம் பேஸை மிதித்து முதல் பேஸுக்கு எறிந்து இரண்டு அவுட்டையும் முடித்தது அவர்தான். அவரைப் பார்த்து உங்கள் ஆளும் அப்படிச் செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

ஆகவே என் யோசனை, ஒருவரை அல்ல, இருவரைப் பிடியுங்கள். ஒருவர் டபுள்-ஏயில் இருக்கும் இருபது வயதுப் பையன். இன்னொருவர் முப்பதைத் தொட்டவர், பெரிய ஒப்பந்தம் பாதியில் இருப்பவர். மேஜர் லீக்கின் எம்.எல்.பி. செயலியில் இருவரையும் குறித்துவைத்துவிட்டு, காலையில் ஆட்டம் தொடங்குமுன் அணிப்பட்டியலைத் திறந்து பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுத்து என்று பாருங்கள். பத்து விநாடி வேலை. பெரியவர் பெயருக்குப் பக்கத்தில் 'டிஎச்' என்று வந்தால் ஓய்வு, மட்டை மட்டும் பிடிப்பார். மாதத்தில் ஐந்தாறு தடவை வந்தால் முழங்காலோ தோளோ ஏதோ பேசுகிறது. ஒரு நாள் '3பி' என்று வரும், மூன்றாம் பேஸ். அன்றைக்குச் செய்திகளில் அது ஒரு வரியாகக்கூட இருக்காது.

ரிப்கனுக்கு அது 1997இல் நிரந்தரமாக வந்தது. 2,632 ஆட்டம் ஒன்றுகூட விடாமல் தொடர்ந்து ஆடியவர், 193 சென்டிமீட்டர் உயரம், இந்த இடத்துக்கு அவ்வளவு உயரம் ஆகாது என்று சொன்னவர்கள் வாயை அடைத்தவர், கடைசியில் மூன்றாம் பேஸுக்கு நகர்ந்தார். 2001 அவருடைய கடைசி வருடம். சியாட்டிலில் நட்சத்திர ஆட்டக்காரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம், நமக்கு ஜூலை 11 காலை. முதல் இன்னிங்ஸ் தொடங்குமுன் ரிப்கன் மூன்றாம் பேஸில் நிற்கிறார், ஷார்ட்ஸ்டாப்பில் இளைஞர் அலெக்ஸ் ரோட்ரிகஸ். அவர் நடந்து வந்து, நீங்கள் அங்கே போங்கள் என்கிறார். ரிப்கன் மாட்டேன் என்று கையை ஆட்டுகிறார். ரோட்ரிகஸ் விடாமல் தள்ளுகிறார், கூட்டம் எழுந்து நிற்கிறது, பெரியவர் சிரித்துக்கொண்டே தன் பழைய இடத்துக்குப் போய் நிற்கிறார். காணொளியைத் தேடிப் பாருங்கள், பந்து வீசவே ஆரம்பிக்காத அந்த ஒரு நிமிடத்தை. மூன்றாவது இன்னிங்ஸில் அவர் ஹோம் ரன் அடித்ததெல்லாம் அப்புறம். ரோட்ரிகஸ் 2004இல் யாங்கீஸுக்கு வந்தார், அங்கே ஷார்ட்ஸ்டாப்பில் ஏற்கெனவே ஜீட்டர். இவர் போய் மூன்றாம் பேஸில் நின்றார்.